வேண்டுதல் முடியும் நாள்

நடந்தவை, வரிசைப்படி:

1. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் நம் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது.
2. ஆண் ஊழியர்களின் தலைமுடி சட்டைக் காலரைத் தொடக்கூடாது என்று ஒரு விதி வந்தது.
3. மத நம்பிக்கைக்காக முடி வளர்ப்பவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று ஒரு படிவமும் கூடவே வந்தது.
4. டெஸ்ட் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்த்த அசோக்குக்குத் தோளுக்குக் கீழே இறங்கும் முடி இருந்தது.
5. அவர் பெயரில் விலக்குப் படிவம் நிரப்பப்பட்டது.
6. விலக்குக் கிடைத்தது.
7. எட்டு மாதம் கழித்து அசோக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். முடிக்காக அல்ல, பொய்த் தகவல் கொடுத்ததற்காக.

விசாரணைக் கோப்பில் இந்த ஏழு வரிகளும் ஏறத்தாழ இப்படியே இருக்கின்றன. "நடந்ததை வரிசையா எழுதிக் குடும்மா, நீ நல்லா எழுதுவ" என்று ஹெச்.ஆர். மேனேஜர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். இதில் எந்த வரியையும் பொய் என்று யாரும் காட்ட முடியாது. ஐந்தாவது வரியில் மட்டும் ஒரு ஆள் குறைகிறது. அதை யாரும் கவனிக்கவில்லை.

நீங்கள் ஐந்து பேரும் இந்தப் பிரிவில் இன்ஜினியர்களாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நான் கிளம்ப நான்கு நாள் இருக்கிறது. ஒப்படைக்க வேண்டிய கோப்புகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டேன். போன திங்கட்கிழமை உங்களில் ஒருத்தி டெஸ்ட் மேசையின் இரண்டாவது இழுப்பறையிலிருந்து சிவப்பு டேப் சுற்றிய சர்க்யூட் போர்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, இதுல யாரோ தமிழ்ல எழுதி ஒட்டியிருக்காங்க. 'இது கெட்டது. பாஸ் ஆச்சுன்னா மெஷினை நிறுத்து.' யாரு எழுதினது?"

"பழைய ஆள் ஒருத்தர்" என்றேன்.

அதுவும் பொய் இல்லை. அப்படிப்பட்ட பதில்கள் எனக்குக் கைவந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

*

முதலில் அந்தப் போர்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். நாம் செய்யும் போர்டுகள் மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்குள் போகின்றன. அது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு முழுவதும் பாஸ். லாரி வாசலில் நின்றது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவைத் திறந்துவிட்டேன்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் அசோக். அதுவரை அவர் என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. நான் டிகிரி முடித்து நேராக வந்த இன்ஜினியர், அவர் ஐ.டி.ஐ. படித்த கான்ட்ராக்ட் டெக்னீஷியன்.

"என்ன?"

"நேத்தும் இன்னைக்கும் ஒண்ணுகூட ஃபெயில் ஆகல."

"நல்லதுதானே?"

"அதான் மேடம் டவுட்டு. தினமும் ரெண்டு மூணாவது ஆகும்."

பழுதென்று தெரிந்து ஒதுக்கி வைத்திருந்த ஒரு போர்டை எடுத்து மெஷினில் ஏற்றினார். பச்சை விளக்கு எரிந்தது. பாஸ்.

லாரி காலியாகத் திரும்பியது. உற்பத்தி மேனேஜர் கத்திய கத்தலில் கேன்டீன் ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மெஷினுக்குள் போர்டைத் தொட்டு அளக்கும் ஒரு முள் தேய்ந்துபோய், எதை வைத்தாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி சோதித்தபோது அந்தச் சரக்கில் பதினொரு போர்டுகள் கெட்டவை என்று தெரிந்தது. பதினொரு நோயாளிகள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அசோக்குக்குத் தோன்றியிருந்தது. "நம்ம அம்மா படுத்திருக்கற வார்டுல இது தொங்கிச்சுன்னு வைங்க" என்றார். அவருடைய அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கருவியை அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து காலையில் முதல் வேலை கெட்ட போர்டை ஏற்றிப் பார்ப்பது. கெட்டதைக் கெட்டது என்று சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த மெஷினை நம்புவோம். செயல்முறைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கீழே 'எழுதியவர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆட்களின் பெயரை அங்கே போடும் வழக்கமில்லை.

*

அசோக்குக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு பஸ் மாறி, ஆனேக்கல் பக்கம் இருக்கும் நம் தொழிற்சாலைக்கு எட்டு மணி ஷிப்டுக்கு வந்துவிடுவார். நல்ல அடர்த்தியான முடி. எண்ணெய் வைத்து, பின்னால் இழுத்து, கொண்டையாக முடிந்திருப்பார். என்னைவிட ஒழுங்காகப் பராமரித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி தினமும் கேட்பார்: "ஏன் குரு, கட்டிங் மாட்சல்வா?" முடி வெட்டிக்கொள்ள மாட்டாயா என்று கன்னடத்தில்.

"நீவு மீசெ தெக்ஸி சார், நானு கூத்லு தெக்ஸ்தினி" என்பார் அசோக். நீங்கள் மீசையை எடுங்கள், நான் முடியை எடுக்கிறேன். செக்யூரிட்டி மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். ஏழு வருடம் தினமும் இதே கேள்வி, இதே பதில். கேலிதான். ஆனால் கேலி கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

உள்ளே வந்தது தொப்பிப் பிரச்சினை. ஸ்டோரில் இரண்டு பெட்டிகள் இருக்கும்; இப்போதும் இருக்கின்றன. சின்னத் தொப்பி ஆண்களுக்கு, பெரிய தொப்பி பெண்களுக்கு. நம் பிரிவில் அப்போது இருபத்தாறு பேர், அதில் பத்தொன்பது பேர் பெண்கள். பாதிப் பேருக்கு இடுப்பு வரை பின்னல். எல்லாம் அந்தப் பெரிய தொப்பிக்குள் அடங்கும். எந்தப் போர்டிலும் ஒரு முடிகூட விழுந்ததாகப் பதிவு இல்லை. அசோக்கின் கொண்டையும் அதற்குள் அடங்கும். ஆனால் ஸ்டோர் கீப்பர் கொடுக்கமாட்டார். "இது லேடீஸ் கேப் ரீ. ஆம்பளைக்குக் குடுத்தா ரெஜிஸ்டர்ல என்ன எழுதறது?"

நான் வழி கண்டுபிடித்தேன். வாரம் ஒருமுறை என் பெயரில் இரண்டு பெரிய தொப்பி வாங்குவேன், ஒன்று அசோக்குக்கு. ரெஜிஸ்டரில் 'பெண் - 2' என்று கையெழுத்துப் போடுவேன். மூன்று வருடம் இது ஓடியது. ஸ்டோர் கீப்பருக்கும் தெரியும். சின்ன விஷயம். ஒரு கேள்வியை எழுப்பாமலே தீர்த்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. பின்னால் செய்ததற்கு அங்கேயே பழகிக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

*

விதி வந்த அன்று நான் ஹெச்.ஆர். மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. ஒசூரிலிருந்து தினமும் வருபவர். நெற்றியில் சந்தனம், மேசையில் எப்போதும் ஏதாவது ஒரு கோயில் பிரசாதம். என்னிடம் பாசமாகப் பேசுவார்.

"சார், கேப் போட்டா போதாதா? லேடீஸ் எல்லாருக்கும் முடி இருக்கே."

"கேப் விஷயம் இல்லம்மா. வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? ஒழுங்கான கம்பெனியான்னு யோசிக்க மாட்டாங்களா?"

"லேடீஸைப் பார்த்து யோசிக்க மாட்டாங்களா?"

"லேடீஸுக்கு முடி லட்சணம்மா. ஆம்பளைக்கு வேற மாதிரி." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பையன் சாமிக்கு வளர்க்கறானா? அப்படின்னா சொல்லு. ஃபார்ம் இருக்கு. நம்ம யாரோட நம்பிக்கையிலயும் கை வைக்க மாட்டோம்."

எழுந்து வந்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு அதிகாரம் இருந்தது, உங்களுக்கும் இருக்கிறது. தரத்துக்குப் பொறுப்பான நம் பிரிவின் இன்ஜினியர் ஒரு விதிக்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லை என்று எழுத்தில் ஆட்சேபம் எழுப்பினால், அதற்கு நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது பெண்களின் தொப்பிக் கணக்கு என்னிடம் இருந்தது. அரைப் பக்கம் போதும். நான் எழுதவில்லை. படிவம் சுலபமாக இருந்தது.

அந்த ஆண்டு கான்ட்ராக்டில் இருந்து பெர்மனென்ட் ஆகப் போகிறவர்களின் பட்டியலில் அசோக்கின் பெயர் ஏறும் என்று பேச்சு இருந்தது. ஏழு வருடக் காத்திருப்பு. அதை முடிக்காக இழக்கக்கூடாது என்று நான் நினைத்தேன். இதை என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. அப்போது நினைத்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அசோக்கைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். திங்கட்கிழமை முதல் காலரைத் தொடும் முடியோடு வருகிறவர்களை கேட்டில் விடமாட்டார்கள்.

"அசோக், ஒரே வரி. வேண்டுதல்னு போட்டுடலாம்."

"யாருக்கு மேடம்?"

"யாருக்கோ. திருப்பதின்னு போடலாம். யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"வேற காரணம் எழுத இடம் இருக்கா அதுல?"

"என்ன எழுதுவீங்க?"

"பிடிச்சிருக்குன்னு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தாவைக் கோயில் வாசல்ல நிக்க விடல மேடம். அப்புறம் அவரே வேணாம்னுட்டாரு. வீட்டுல இருந்த சாமி படத்தையெல்லாம் கழட்டிட்டு புத்தர் படம் மாட்டினாரு. இன்னைக்கு வரைக்கும் அது ஒண்ணுதான். நான் போய் திருப்பதிக்கு முடி வளர்க்கறேன்னு எழுதவா?"

"இது சும்மா ஒரு ஃபார்ம் அசோக்."

"உங்களுக்குச் சும்மா."

அவர் சொன்னது சரி. என் தாத்தா அரசாங்க வேலையில் இந்த ஊருக்கு வந்தவர். எங்கள் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் முடி திருப்பதியில் இறங்கும். என் பரீட்சைக்காக அப்பா தாடி வளர்த்தார். அத்தையின் ஆபரேஷனுக்காகச் சித்தப்பா மொட்டை போட்டார். வேண்டுதல் என்பது எனக்கு வீட்டுச் செருப்பு மாதிரி ஒரு சொல். யோசிக்காமல் காலை நுழைத்துக்கொண்டு எங்கும் போய்வருவேன். அந்தச் செருப்போடு இன்னொருவர் வீட்டுக்குள் நடக்கிறோம் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

படிவத்தை என் கணினியில் நான் நிரப்பினேன். ஆங்கிலத்தில் இருந்தது. கோயிலின் பெயர்: திருப்பதி. வேண்டுதலின் காரணம்: குடும்ப நலன். அடுத்த கட்டம், வேண்டுதல் முடியும் நாள். அதை விட்டுவிட்டு அனுப்பப் பார்த்தேன், போகவில்லை. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். ஏதாவது ஒரு தேதி வேண்டும். நிதியாண்டின் கடைசி நாளைப் போட்டேன். நமக்கெல்லாம் கைக்கு முதலில் வரும் தேதி அது. அதற்குள் வாடிக்கையாளர்கள் வந்து போயிருப்பார்கள், யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

அச்செடுத்து நீட்டினேன். அசோக் நின்றுகொண்டே படித்தார். "இதை எங்க வீட்டுல யாரும் பார்த்துடக் கூடாது மேடம்" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

*

திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி கேள்வி கேட்கவில்லை. கை கூப்பினார். "கோவிந்தா" என்றார்.

நான் எதிர்பார்க்காதது இதுதான். படிவம் கோப்பில் கிடக்கும் என்று நினைத்தேன். அது கேட்டிலும் கேன்டீனிலும் நடமாடியது. ஏழு வருடம் கிண்டல் செய்தவர்கள் மரியாதை கொடுத்தார்கள். அசெம்பிளி வரிசையில் இருந்த பெண்கள் அவர் வந்தால் வழிவிட்டார்கள். ஒருத்தி தன் மகனின் பரீட்சைக்காகச் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள். ஸ்டோர் கீப்பர் பெரிய தொப்பியைத் தானே எடுத்து நீட்டினார். ரெஜிஸ்டரில் என்ன எழுதினார் என்று தெரியாது. ஹெச்.ஆர். மேனேஜர் அவரை 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்து, கோயிலுக்குப் போய் வரும்போதெல்லாம் பிரசாதம் கொடுத்தார்.

கேன்டீனில் அசோக் தட்டை நீட்டியபோது பரிமாறுகிறவர் முட்டைக் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டுதல்ல இருக்கீங்களேண்ணா. மறந்துட்டீங்களா?" பின்னால் நின்ற வரிசை முழுவதும் பார்த்தது. அசோக் சாம்பாரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், நீங்க எழுதின ஒரு வரியில எனக்கு முட்டை போச்சு" என்றார். நான் சிரித்தேன். அன்று அவரும் சிரித்தார்.

மூன்றாவது மாதம் அவர் சிரிப்பது குறைந்துவிட்டது. ஒரு நாள் சொன்னார்: "முன்னாடி கிண்டல் பண்ணாங்க. அது என்னைப் பார்த்து. இப்போ கும்பிடறாங்க. அது யாரைப் பார்த்துன்னு எனக்குத் தெரியல." நான் ஒரு ரிப்போர்ட்டை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றேன்.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். காலையில் கெட்ட போர்டை ஏற்றும் வழக்கத்தைப் பார்த்து, இது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். பிரிவின் யோசனை என்றேன். யாருடைய முடியைப் பற்றியும் அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

*

நிதியாண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கணினி தானாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: இந்த ஊழியரின் விலக்கு இந்தத் தேதியில் முடிகிறது. ஹெச்.ஆர். மேனேஜர் சந்தோஷமாக நம் பிரிவுக்கே வந்துவிட்டார். "என்ன சாமி, எப்போ திருப்பதி? மூணு நாள் லீவு நான் போட்டுத் தரேன். வரும்போது லட்டு மறக்கக் கூடாது."

அவர் போன பிறகு நான் அசோக்கிடம் சொன்னேன்: "தேதியை மாத்திடலாம். வேண்டுதல் இன்னும் நிறைவேறலன்னு எழுதிடறேன். ஒரு வருஷம் தள்ளிடலாம்."

"இன்னும் ஒரு வருஷம் முட்டை சாப்பிடாம இருக்கணுமா?"

"அசோக், விளையாடாதீங்க."

"விளையாடல மேடம். பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வந்தாச்சு. இனிமே உள்ளதைச் சொல்லிடறேன். முடியை வெட்டணும்னா வெட்டிக்கறேன். போதும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க பேரு வராது" என்றார்.

வேண்டாம், என் பெயரையும் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன் என்று சொல்ல அந்த இடத்தில் நேரம் இருந்தது. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். நான் அன்றைய ரிப்போர்ட்டைத் திறந்தேன்.

ஏப்ரல் முதல் வாரம் விசாரணை. பிளான்ட் தலைவர், ஹெச்.ஆர். மேனேஜர், அசோக், அவருடைய மேலதிகாரி என்ற முறையில் நான்.

ஹெச்.ஆர். மேனேஜர் கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு மனசு உடைந்திருந்தது. "நான் உனக்குப் பிரசாதம் கொண்டாந்து கொடுத்தேன்யா. கையில வாங்கினியே. அப்பகூடச் சொல்லத் தோணலையா?"

"தப்புதான் சார்" என்றார் அசோக்.

"சாமி பேரைச் சொல்லி ஏமாத்தறவன் டெஸ்ட் ரிசல்ட்ல ஏமாத்த மாட்டான்னு எப்படி நம்பறது?"

அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். லாரியைத் திருப்பி அனுப்பிய நாள் எனக்குத் தெரியும். பிளான்ட் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"ஃபார்ம் உங்க டிபார்ட்மென்ட்ல இருந்து வந்திருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"கையெழுத்து அவரோடதுதான் சார்" என்றேன்.

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். கெட்ட போர்டு ஒன்று மெஷினில் ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது. அதை நிறுத்தத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். "ஆமா சார், என் கையெழுத்துதான்" என்றார்.

பிறகு, "இப்பவே வெட்டிக்கறேன் சார். மெயின் ரோட்டுல சலூன் இருக்கு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார்.

"வெட்டச் சொல்லிக் கேக்கலப்பா இப்போ" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர். அவர் நிஜமாகவே உதவ நினைத்தார் என்று இன்றும் நம்புகிறேன். "சாமிகிட்ட சொன்ன வார்த்தை இது. போய் மொட்டை போட்டுட்டு வா. திருப்பதி ரசீதைக் கொண்டாந்து குடு. நான் இதை இங்கயே முடிச்சுடறேன்."

ஒரு பஸ் டிக்கெட், ஒரு மொட்டை, ஒரு ரசீது. வேலையும் இருக்கும், பெர்மனென்டும் இருக்கும். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: சரின்னு சொல்லுங்க அசோக்.

"கம்பெனி வெட்டச் சொன்னா வெட்டறேன் சார். மொட்டை சாமிக்குக் குடுக்கறது. நான் சொல்லாத சாமிக்கு எப்படிக் குடுக்கறது? அதை மட்டும் பண்ண மாட்டேன்."

மதியத்துக்குள் கடிதம் தயாரானது. காரணம் என்ற இடத்தில் 'நிறுவனத்துக்குப் பொய்த் தகவல் அளித்தது' என்று இருந்தது. முடியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால்கூட, முடிக்காக யாரையும் நாங்கள் அனுப்பியதில்லை என்று நிறுவனம் சொல்லலாம். அது பொய்யாக இருக்காது. அந்த வசதியைச் செய்து கொடுத்தது என் படிவம்.

கிளம்புவதற்கு முன் அவர் இழுப்பறையைக் காலி செய்தார். கெட்ட போர்டை மட்டும் திரும்ப உள்ளே வைத்தார். "டெய்லி ஏத்துங்க மேடம், மறக்காம" என்றார்.

*

அதற்குப் பிறகு ஜிகணியில் இரண்டு கம்பெனிகள் அசோக்கை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டன. இரண்டும் பழைய கம்பெனியின் கடிதத்தைக் கேட்டன. இரண்டும் பிறகு கூப்பிடவில்லை. அசெம்பிளியில் இருந்த ஒரு பெண் இதை எனக்குச் சொன்னார்.

அவரைத் தேடிப் போக எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மட்டன் கடைக்கும் ஒரு துணிக்கடைக்கும் நடுவில், ஆம்ப்ளிஃபயரும் மைக் செட்டும் ரிப்பேர் செய்யும் ஒரு கடை. வாசலில் ஒரு ஸ்பீக்கரை வைத்து யாரோ "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குனிந்து சால்டர் வைத்துக்கொண்டிருந்தவரை நான் தாண்டிப் போய்விட்டேன். முடி காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது.

"மேடம்" என்று அவர்தான் கூப்பிட்டார்.

கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "முடி?" என்றேன்.

"போன வெயில்ல தாங்கல. ஃபேன் வேற ஓடல. வெட்டிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன மேடம்? இங்க யாரும் காரணம் கேக்கறது இல்ல." ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, "பாய், வால்யூமைக் குறைங்க, காது போகுது" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "மெஷினுக்குக் கெட்ட போர்டு ஏத்தறீங்களா?"

"தினமும்."

"நல்லது."

அன்று விசாரணையில் சொல்லாததை இப்போது நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். தேதி போட்டது நான், கோயில் போட்டது நான், காரணம் போட்டது நான். அவர் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே கேட்டார். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்றும் கேட்கவில்லை.

"எழுதுங்க மேடம்" என்றார். "இந்தத் தடவை நீங்களே கையெழுத்துப் போடுங்க."

*

ஒரு பொய் வரி எழுதினால் ஒருவர் பிழைத்துக்கொள்வார் என்று தோன்றும் நாள் உங்களுக்கும் வரும். நல்ல மனசோடுதான் தோன்றும். அந்த வரியை எழுதிவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள். அதற்குள் குடியிருக்கப் போகிறவர் இன்னொருவர். கேன்டீனில் தட்டை நீட்டுகிறவர் அவர். தேதி வரும்போது பதில் சொல்கிறவர் அவர். விதி தவறு என்று தெரிந்தால், அதைத் தவறு என்று உங்கள் பெயரில் எழுதுங்கள். அதற்கு அரைப் பக்கம் போதும் என்று மேலே சொன்னேன். அந்த அரைப் பக்கத்தை இந்த வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு நாளில் போகிறவள் எழுதுவதற்குப் பெரிய தைரியம் வேண்டியதில்லை. பதில் வந்தால் உங்களுக்குத்தான் வரும்.

இன்றைய நிலை இது. ஆண்களின் முடி காலரைத் தொடக்கூடாது என்ற விதி நடப்பில் இருக்கிறது. படிவம் இருக்கிறது, தேதிக் கட்டத்தின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரமும் இருக்கிறது. ஸ்டோரில் இரண்டு தொப்பிப் பெட்டிகள் இருக்கின்றன. படிவத்தை நிரப்பியது நான் என்று எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு, விஷயம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அசோக் இப்போது ஊழியர் இல்லை என்பதால் அந்தக் கடிதத்தை அவருடைய கோப்பில் சேர்க்க முடியாது என்றார்கள். என் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அசோக் சிவாஜிநகர் கடையில் வேலை பார்க்கிறார். அவருடைய நீக்கக் கடிதத்தில் காரணம் மாற்றப்படவில்லை.